20 கிலோ பிளேட்டும் ஒரு முழக் கயிறும்

ஞாயிறு காலை ரைடில் ஒரு தம்பியின் மலிவு விலை பவர் மீட்டரை (மிதிக்கும் உழைப்பை வாட்டில் அளக்கும் கருவி) நம் சைக்கிள் குரூப் கேலி செய்ததை மறுபடி விவரிக்கப் போவதில்லை. அந்த ஸ்க்ரீன்ஷாட் எல்லா குரூப்பிலும் சுற்றி முடித்துவிட்டது. "பொம்மை", "வாயில் வந்த நம்பரைச் சொல்லும் மெஷின்", "ஆடித் தள்ளுபடி வாட்". கடைசியாகச் சொன்னவருக்கு நகைச்சுவை வருகிறது, மறுக்கவில்லை. அந்தத் தம்பி பதிவை அழித்துவிட்டு குரூப்பை விட்டே போய்விட்டான். சந்தோஷமா எல்லோருக்கும்?

அவன் செய்த குற்றம் என்ன? புதிதாக வந்திருக்கும் அந்த மலிவு விலை இடது கிராங்க் (பெடலைத் தாங்கும் கை) பவர் மீட்டரை மாட்டிக்கொண்டு ஈசிஆர் வந்தான். முட்டுக்காடு தாண்டி டீக்கு நிறுத்தியபோது அவனுடைய ஹெட் யூனிட்டையும் (ஹேண்டில்பாரில் எண்களைக் காட்டும் குட்டிக் கணினி) ஒரு அண்ணனுடையதையும் மேஜையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருக்கிறார்கள். தம்பிக்குச் சராசரி 187 வாட், அண்ணனுடைய விலையுயர்ந்த பெடல் மீட்டரில் 214. "ஒண்ணாத்தானே வந்தோம், 27 வாட் எங்க போச்சு?" அவ்வளவுதான், தீர்ப்பு எழுதியாகிவிட்டது.

ஐயா, இரண்டு பேர் ஒன்றாக ஓட்டினால் இரண்டு பேருக்கும் ஒரே வாட் வர வேண்டும் என்று உங்களுக்கு யார் சொன்னது? தட்டைச் சாலையில் நாம் மிதிக்கும் வாட்டில் பெரும்பங்கு காற்றைக் கிழிக்கத்தான் போகிறது. முன்னால் போகிறவர் ஒட்டுமொத்தக் காற்றையும் நெஞ்சில் வாங்குகிறார். ஒட்டிப் பின்னால் வருகிறவனுக்கு அதில் கால்வாசிக்கு மேல் மிச்சம். அண்ணன் ஆள் வாட்டசாட்டம், தம்பி ஒல்லிக்குச்சி, அதுவும் வரிசையில் மூன்றாவதாக ஒளிந்துகொண்டு வந்தவன். அவனுக்கும் 214 காட்டியிருந்தால்தான் மீட்டர் பழுது என்று நான் சந்தேகப்பட்டிருப்பேன். குறைவாகக் காட்டியதால் பொய் என்கிறீர்கள்.

விலை குறைந்தால் அளவு பொய்யாகிவிடாது. இதைத்தான் சொல்ல வந்தேன், இன்னும் நாலு தடவை சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்தப் பெட்டிக்குள் என்ன இருக்கிறது? ஸ்ட்ரெய்ன் கேஜ். கிராங்கில் ஒட்டிய மெல்லிய படலம். மிதிக்கும்போது அலுமினியக் கை கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும், படலமும் கூடவே நீளும், அதன் மின்தடை துளி மாறும். அந்த மாற்றத்திலிருந்து முறுக்குவிசை, அதோடு சுற்றும் வேகத்தைப் பெருக்கினால் வாட். 90 கேடன்ஸில் (நிமிடத்துக்கு 90 சுற்று) 200 வாட் என்றால் சராசரியாக 21 நியூட்டன் மீட்டர். ராக்கெட் ரகசியம் ஒன்றுமில்லை. நம் மளிகைக்கடை அண்ணாச்சியின் எலக்ட்ரானிக் தராசுக்குள் இருப்பதும் இதே ஸ்ட்ரெய்ன் கேஜ்தான். அந்தத் தராசை நம்பித்தானே பருப்பு வாங்குகிறீர்கள்? படலத்தின் விலை பெரிதில்லை. அதைச் சரியாக ஒட்டுவதும், வெப்பம் மாறினால் கணக்கைத் திருத்துவதும், ஒவ்வொரு கிராங்கையும் எடை தொங்கவிட்டுச் சரிபார்ப்பதும்தான் செலவு. அந்த வேலை இன்றைக்கு முன்னைவிட மலிவாக நடக்கிறது, அதனால் விலை இறங்கியது. இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

ஆனால் அண்ணாச்சி ஒன்று செய்கிறார், நம்மில் பாதிப் பேர் செய்வதில்லை. தட்டை வைத்ததும் ஜீரோ அமுக்குகிறார். அதை அமுக்காமல் தக்காளியைப் போட்டால் கடையில் சண்டையே வந்துவிடும். பவர் மீட்டரில் இதற்குப் பெயர் ஜீரோ ஆஃப்செட். குரூப்பில் சிரித்தவர்களில் எத்தனை பேர் ஞாயிறு காலை அதைச் செய்துவிட்டுக் கிளம்பினீர்கள்? கையைத் தூக்கச் சொல்லவில்லை, மனசுக்குள் எண்ணிக்கொள்ளுங்கள்.

செய்வது எப்படி என்று புதிதாக வாங்கியவர்களுக்காக எழுதுகிறேன். ஏசி அறையிலிருந்து சைக்கிளை எடுத்த உடனே செய்யாதீர்கள். வெளியே 10, 15 நிமிடம் நிற்கட்டும், கிராங்கின் உலோகம் வெளிச்சூட்டுக்கு வரட்டும். பெடலைப் பின்பக்கமாக நாலு சுற்று சுற்றினால் மீட்டர் விழித்துக்கொள்ளும். சைக்கிள் நேராக நிற்க, இடது கிராங்க் நேர் கீழே, பெடலில் கால் படாமல், ஹெட் யூனிட்டில் கேலிபரேட் அமுக்குங்கள். வரும் எண்ணைக் குறித்து வையுங்கள். தினமும் அந்த எண் ஒரே வாக்கில் இருந்தால் மீட்டர் நலம். ஒரு நாள் திடீரென்று தாவினால் பேட்டரி இறங்கியிருக்கலாம், போல்ட் தளர்ந்திருக்கலாம், மழைநீர் உள்ளே போயிருக்கலாம்.

செய்யாவிட்டால் என்ன ஆகும்? ஜீரோ 1 நியூட்டன் மீட்டர் விலகியிருந்தால் 90 கேடன்ஸில் 9.4 வாட் பிசகும். இடது கால் மட்டும் அளக்கும் மீட்டர் அதை இரட்டிப்பாக்கும். கிட்டத்தட்ட 19 வாட்! மீட்டர் நல்ல மீட்டர்தான். தராசில் ஜீரோ அமுக்காதது நம் தப்பு. லட்ச ரூபாய் தராசானாலும் ஜீரோ அமுக்காவிட்டால் தப்பாகத்தான் காட்டும்.

மாட்டுவதிலும் இதே கதை. ஷிமானோ இடது கிராங்க் என்றால் முதலில் நடுவில் உள்ள பிளாஸ்டிக் மூடியை விரலால் திருகும் அளவுக்கு இறுக்கினால் போதும். அதன் வேலை பக்கவாட்டு ஆட்டத்தை எடுப்பது மட்டும். வெறிகொண்டு முறுக்கினால் பேரிங் இறுகிக்கொள்ளும். அடுத்து, சின்னப் பிளாஸ்டிக் தகட்டின் முள் அச்சின் ஓட்டையில் உட்கார்ந்ததா என்று பார்க்க வேண்டும். பிறகு 5 மிமீ அலென் கீயில் இரண்டு போல்ட்டையும் மாற்றி மாற்றி 12 முதல் 14 நியூட்டன் மீட்டர் வரை. ஒன்றை முழுசாக இறுக்கிவிட்டு இன்னொன்றுக்குப் போனால் கை சமமாகப் பிடிக்காது. மாட்டியதும் நாலைந்து ஸ்பிரிண்ட் அடித்து எல்லாம் உட்கார்ந்த பிறகு மறுபடி ஒரு ஜீரோ. வாங்கும் முன்பே பார்க்க வேண்டிய ஒன்று: கிராங்கின் உள்பக்கத்துக்கும் செயின்ஸ்டேக்கும் (பின்சக்கரத்துக்குப் போகும் ஃப்ரேம் குழாய்) நடுவே மீட்டர் பெட்டிக்கு இடம் இருக்கிறதா? பின் பிரேக் பிபிக்கு (கிராங்க் அச்சு சுழலும் இடம்) கீழே இருக்கும் ஃப்ரேம்களில் இடிக்கலாம்.

"சிக்னலே வரலை, அப்பவே தெரியும் சீப் சாமான்னு." இதையும் படித்தேன். ப்ளூடூத்தில் பல மீட்டர்கள் ஒரு நேரத்தில் ஒன்றிரண்டு கருவிகளோடுதான் பேசும். போனில் அதன் ஆப் பின்னணியில் திறந்திருந்தால் ஹெட் யூனிட்டுக்கு இணைப்பு கிடைக்காமல் போகலாம். ஆப்பை மூடுங்கள், அல்லது ஹெட் யூனிட்டை ஆன்ட் பிளஸ் என்ற இன்னொரு வயர்லெஸ் முறையில் சேருங்கள். இதற்கும் விலைக்கும் என்ன சம்பந்தம்?

இப்போது பெரிய வழக்கு. "ஒரு காலை அளந்து ரெண்டால பெருக்குறதெல்லாம் ஒரு மீட்டரா?" நியாயமான கேள்வி, கேட்ட விதம்தான் நியாயமில்லை. உண்மையில் நீங்கள் 200 வாட் போடுகிறீர்கள், இடது 48, வலது 52 சதவீதம் என்று வைப்போம். இடதில் 96, மீட்டர் 192 காட்டும். 4 சதவீதம் குறைவு. களைத்தபோது இந்தப் பங்கு மாறுகிறவர்களும் உண்டு, அவர்களுக்கு இடது மட்டும் மீட்டர் கொஞ்சம் கண்ணாமூச்சி காட்டும். ஒப்புக்கொள்கிறேன். முட்டி அறுவை சிகிச்சை ஆனவர்கள் இரண்டு பக்கமும் அளப்பதையே வாங்குங்கள்.

மற்றவர்களுக்கு? எஃப்டிபி (சுமார் ஒரு மணி நேரம் தாக்குப்பிடிக்கும் அதிகபட்ச வாட்) 200 என்றால், நிதானமாக நெடுநேரம் ஓட்டும் இரண்டாவது மண்டலம் 112 முதல் 150 வாட் வரை. 38 வாட் அகலமுள்ள வாய்க்கால். அதற்குள் ஓடுவதற்கு ஐந்தாறு வாட் பிசகு ஒரு பிரச்சினையா? அதைவிட முக்கியம், எஃப்டிபி சோதனையை அதே மீட்டரில்தான் செய்கிறீர்கள். 20 நிமிடச் சராசரியில் 95 சதவீதம். மீட்டர் எப்போதும் 5 சதவீதம் கூட்டிச் சொன்னால் எஃப்டிபியும் 5 சதவீதம் கூடும், மண்டலங்களும் அதே அளவு நகரும். கால் செய்யும் வேலை மாறாது. தினமும் ஒரே மாதிரி காட்ட வேண்டும், அதுதான் முக்கியம். ஸ்விஃப்ட் ஆப்பில் வீட்டுக்குள் மிதித்தபடி, உடல் எடையில் கிலோவுக்கு இத்தனை வாட் என்று பந்தயம் ஓடுகிறவர்களுக்கு மட்டும் துல்லியமும் முக்கியம். அதுவும் அங்கே பெரும்பாலும் ட்ரெய்னர்தான் (சைக்கிளை மாட்டி நின்ற இடத்தில் மிதிக்கும் சாதனம்) பேசும். செயினிலும் பல்சக்கரத்திலும் சில சதவீதம் போய்விடுவதால் ட்ரெய்னர் கிராங்கைவிடக் குறைத்துத்தான் காட்டும். அதைப் பார்த்தும் "மீட்டர் பொய்" என்று ஒருவர் வருவார். வராமல் இருக்க மாட்டார்.

இன்னொன்றும் கேளுங்கள். 2012ல் ஸ்டேஜஸ் நிறுவனம் இடது கிராங்க் மீட்டரை 699 டாலரிலிருந்து என்று அறிவித்தபோதும் இதே சிரிப்புதான். இரண்டே வருடத்தில், 2014ல், பிரிட்டனின் டீம் ஸ்கை பந்தய அணி அதை மாட்டிக்கொண்டது. ஹெட் யூனிட் இருக்கும் ஹேண்டில்பார் ஸ்டெம்மையே குனிந்து பார்த்துக்கொண்டு ஓட்டுகிறார் என்று அந்த அணியின் கிறிஸ் ஃப்ரூமை உலகம் கிண்டல் செய்ததே, 2015லும் 2016லும் டூர் டி பிரான்ஸ் ஜெயித்த அந்த ஆள் பார்த்துக்கொண்டிருந்தது இடது காலை இரண்டால் பெருக்கிய எண்ணைத்தான். அவருக்குப் போதுமாக இருந்தது மாமல்லபுரம் போய் இட்லி சாப்பிட்டுத் திரும்பும் நமக்குப் போதவில்லை. அடுத்து 2014ல் கனடாவின் ஃபோர்ஐ நிறுவனம் தன் மீட்டரை 399 டாலர் என்று அறிவித்தது, மறுபடி சிரிப்பு. இஸ்ரேலின் வாட்டீம் நிறுவனம் சென்சாரை நாமே கிராங்கில் ஒட்டிக்கொள்ளும் கிட்டை விற்றது, தண்ணீர்ப் பையைப் பெடலில் தொங்கவிட்டுக் கேலிபரேட் செய்ய வேண்டும். அதற்கு மட்டும் நானும் சிரித்தேன். ஆனால் தண்ணீர்ப் பையின் பின்னால் இருந்த கணக்கு சரியான கணக்கு, கீழே வருகிறேன்.

1986ல் ஜெர்மனியில் உல்ரிக் ஷோபரர் முதல் எஸ்ஆர்எம் பவர் மீட்டரைச் செய்தபோது அது டூர் சாம்பியன் கிரெக் லெமாண்ட் மாதிரி ஆட்களின் சாமான். இன்று பவர் மீட்டர் நல்ல ஹெல்மெட், ஷூ, ஒரு ஜோடி டயர் வாங்கும் காசில் கிடைக்கிறது. இதற்குச் சந்தோஷப்பட வேண்டியவர்கள் ஏன் முகத்தைச் சுளிக்கிறீர்கள்?

"நீ கம்பெனிகிட்ட காசு வாங்கிட்டியா?" இல்லை. அந்த மீட்டரின் பெயரைக்கூட இங்கே எழுதவில்லை, தேடிப் பாருங்கள்.

"சைனா சாமான்." உங்கள் கார்பன் ஃப்ரேம் எங்கே வார்க்கப்பட்டது என்று விசாரித்துவிட்டு வாருங்கள், காத்திருக்கிறேன்.

"கெட்டுப்போனா யார் பாப்பாங்க?" இது சரியான கேள்வி. இங்கே சர்வீஸ் கிடையாது, திருப்பி அனுப்பினால் கூரியரும் கஸ்டம்ஸும் கண்ணைக் கட்டும். மழைக்காலத்தில் பேட்டரி மூடியின் ரப்பர் வளையத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், சிஆர்2032 பேட்டரியை நல்ல கடையில் வாங்குங்கள். இதற்கு மேல் என்னிடம் பதில் இல்லை.

"வாட் எதுக்கு, மனசு வெச்சு ஓட்டு." மனசு வைத்துத்தான் அந்தத் தம்பி ஓட்டினான். மனசை உடைத்து அனுப்பினீர்கள்.

எனக்கு இதில்தான் வயிற்றெரிச்சல். எதிர்க்காற்று நாளில் 26 கிலோமீட்டர் வேகத்துக்கு என்ன உழைப்பு, பின்காற்றில் 36க்கு என்ன உழைப்பு என்று வேகத்தை வைத்துச் சொல்ல முடியாது. ரைடைப் பதியும் ஸ்ட்ராவா ஆப்பின் உத்தேச வாட் காற்றையும் பார்ப்பதில்லை, யார் பின்னால் ஒளிந்து வந்தோம் என்பதையும் பார்ப்பதில்லை. தனியாக, கோச் இல்லாமல், வேலைக்குப் போகும் முன் ஒரு மணி நேரம் ஓட்டுகிறவனுக்கு பவர் மீட்டர்தான் கோச். அவனுக்கு அது எட்டும் விலைக்கு வந்ததில் யாருக்கு நட்டம்? நாலு மடங்கு கொடுத்து வாங்கியவருக்குக் கொஞ்சம் வலிக்கும், புரிகிறது. அந்த வலியை ஒரு பையன் தலையில் இறக்கியதுதான் புரியவில்லை. க்ரூப் ரைடில் குழி வந்தால் கைகாட்டிச் சொல்கிற மனிதர்கள்தானே நாமெல்லாம்?

சரி, அண்ணனிடம் ஒரே ஒரு கேள்வி. மூன்று மாதம் முன்னால் 172.5 மிமீ கிராங்கிலிருந்து 165க்கு மாறியதைப் பற்றி நீளமாக எழுதினீர்கள், நல்ல பதிவு, நானும் லைக் போட்டேன். பெடல் மீட்டரின் ஆப்பில் கிராங்க் நீளத்தையும் 165 என்று மாற்றினீர்களா? பெடல் விசையை மட்டும் அளக்கும், நீளத்தை நீங்கள்தான் சொல்ல வேண்டும். மாற்றாவிட்டால் 4.5 சதவீதம் கூட்டிக் காட்டும். அந்த 214 உண்மையில் 205. சும்மா கேட்டேன்.

வாக்குவாதம் வேண்டாம், வரும் ஞாயிறு அதே டீக்கடைக்கு இரண்டு மீட்டரும் வரட்டும். ஜிம்மிலிருந்து 20 கிலோ பிளேட் ஒன்று, ஒரு முழக் கயிறு. பிளேட்டை முதலில் நல்ல தராசில் நிறுத்துக்கொள்வோம், மேலே 20 என்று அச்சடித்திருப்பதை நம்பக் கூடாது. ஜீரோ ஆஃப்செட் செய்துவிட்டு, ஒருவர் பின் பிரேக்கை இறுக்கிப் பிடிக்க, கிராங்கை முன்பக்கம் கிடைமட்டமாக நிறுத்தி, ரசமட்டம் வைத்துப் பார்த்து, பெடல் அச்சில் எடையைத் தொங்கவிடுவோம். 172.5 மிமீ கிராங்கில் 20 × 9.81 × 0.1725, அதாவது 33.8 நியூட்டன் மீட்டர் வர வேண்டும். 165 என்றால் 32.4. சில ஆப்கள் இடது பக்கத்தை இரட்டிப்பாக்கிக் காட்டும், அப்படியானால் பாதியாக்கிக்கொள்வோம். மூன்று முறை தொங்கவிட்டு மூன்று முறையும் ஒரே எண் வருகிறதா என்று பார்ப்போம். சுற்றும்போது எப்படி அளக்கிறது என்பதை இது சொல்லாது, ஆனால் தராசு சரியா என்பதைச் சொல்லிவிடும்.

தம்பியின் மீட்டர் இரண்டு சதவீதத்துக்கு மேல் விலகினால் அன்றைய டீ, வடை எல்லாம் என் கணக்கு, இந்தப் பதிவையும் எடுத்துவிடுகிறேன். அவனுடைய நம்பர் யாரிடமாவது இருந்தால் ஐந்தரைக்கு வரச் சொல்லுங்கள்.

பி.கு.: டார்க் ரெஞ்ச் (போல்ட்டை அளந்து இறுக்கும் சாவி) நான் கொண்டுவருகிறேன். பிளேட்டை யாராவது காரில் எடுத்து வாருங்கள், முதுகில் கட்டிக்கொண்டு ஓட்ட முடியாது.