வரியின் மிச்சத்தைப் பாடும் கிட்டார்

அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில், கம்பியின் மேல் ஒரு பொருளை வழுக்கி வாசிக்கும் ஸ்லைடு கிட்டாரின் பழைய இசைத்தட்டுகளைப் பற்றிப் பேச்செடுத்தாலே, நள்ளிரவு நாற்சந்தியில் சாத்தானிடம் ஆன்மாவை விற்று வித்தை கற்றதாகச் சொல்லப்படும் ப்ளூஸ் பாடகர் ராபர்ட் ஜான்சனின் கதையில்தான் பலரும் தொடங்குகிறார்கள். 1936இலும் 1937இலும் டெக்சாஸில் அவர் பதிவு செய்த 29 பாடல்கள் மீது எனக்கும் பெருமதிப்பு உண்டு. ஆனால் அந்தக் கதை அவருடைய உழைப்பை மறைப்பதோடு, இந்த இசை நம்மை ஏன் இப்படிப் பிடித்து இழுக்கிறது என்ற கேள்வியையும் மழுப்பிவிடுகிறது. என்னைக் கேட்டால், இந்தப் பதிவுகளில் கிட்டார் பக்கவாத்தியத்தின் இடத்தை விட்டெழுந்து பாடகரோடு சேர்ந்து பாடுகிறது என்பதே காரணம்.

வாசிக்கும் முறையே அதற்கு வழிவிடுகிறது. திறந்த கம்பிகளை மீட்டினாலே ஒரு கார்டு (சேர்ந்தொலிக்கும் ஸ்வரக் கூட்டு) ஒலிக்கும்படி சுருதி கூட்டிக்கொண்டு, உடைத்துத் தேய்த்த பாட்டில் கழுத்தை விரலில் மாட்டியோ, கத்தியைக் கையில் பிடித்தோ கம்பியின் மேல் லேசாக வைத்து நகர்த்துகிறார்கள். கம்பி ஃப்ரெட்டில், அதாவது கிட்டாரின் கழுத்தில் ஸ்வரங்களைப் பிரிக்கும் உலோகக் கட்டையில், அழுந்துவதில்லை. எனவே ஒரு ஸ்வரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவ வேண்டிய கட்டாயமும் இல்லை. சாதாரண காந்தாரத்துக்கும் அந்தர காந்தாரத்துக்கும் நடுவே ப்ளூஸ் பாடகரின் குரல் தயங்கி நிற்கும் இடத்தில் கிட்டாரும் போய் நிற்க முடிகிறது. கோட்டுவாத்தியம் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது அந்நியமாகவே இராது. 1903 வாக்கில் மிசிசிப்பியின் டட்வைலர் ரயில் நிலையத்தில் ஒருவர் கத்தியைக் கம்பியில் அழுத்தி வாசித்ததைக் கேட்ட இசையமைப்பாளர் டபிள்யூ. சி. ஹேண்டி, அத்தனை விசித்திரமான இசையைத் தாம் அதுவரை கேட்டதில்லை என்று பின்னாளில் தன்வரலாற்றில் எழுதினார்.

இந்த வகையில் நான் முதலிடம் தருவது, 1927 டிசம்பர் 3 அன்று டல்லாஸில் கொலம்பியா இசைத்தட்டு நிறுவனத்துக்காகக் கண்பார்வையற்ற பாடகர் பிளைண்டு வில்லி ஜான்சன் பதிவு செய்த ‘டார்க் வாஸ் த நைட், கோல்டு வாஸ் த கிரவுண்டு’ இசைத்தட்டுக்குத்தான். தலைப்பு ஒரு பழைய ஆங்கிலத் துதிப்பாடலின் முதல் வரி. பதிவிலோ ஒரு சொல்கூட இல்லை. கிட்டார் ஒரு சிறு சொற்றொடர்போல ஏதோ சொல்லி நிறுத்த, அவர் வாய்மூடிய முனகலில் அதைத் தொடர்கிறார். முனகல் தேய்ந்து இறங்கும் இடத்திலேயே கம்பி அதைப் பிடித்துக்கொள்வதால், எது எங்கே முடிந்தது என்று காது தடுமாறுகிறது. அவருடைய வேறு பாடல்களில் வரியின் கடைசிச் சொற்களை வாயால் பாடாமல் கிட்டாரிடம் விட்டுவிடுவார். சொல் வராவிட்டாலும் வரி முழுமையாகவே கேட்கும். (அவர் பாடியதெல்லாம் பக்திப் பாடல்கள், ஆகவே அது ப்ளூஸே அல்ல என்று வாதிடுவோர் உண்டு. வாதிடட்டும்.) 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைப் பதித்து ஏற்றிய பொன் தகட்டில் இந்தப் பதிவும் இடம்பெற்றது.

மிசிசிப்பிப் பாடகர் சன் ஹவுஸ் வேறொரு ரகம். இளமையில் பிரசங்கியாராக இருந்த அவர், 1930இல் விஸ்கான்சினின் கிராஃப்டனில் பாராமவுண்ட் நிறுவனத்துக்காகப் பாடியபோது கம்பியைச் சாட்டைபோலச் சுண்டி அடித்தார். அந்த நிறுவனம் ஒரு நாற்காலித் தொழிற்சாலையின் கிளை. தட்டுகளை மட்டமான அரக்கில் வார்த்தது. எஞ்சியிருக்கும் சில பிரதிகளிலும் இரைச்சல் பாட்டை மூடுகிறது. அந்த இரைச்சலே அழகு என்று சிலாகிப்பவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை. அது இழப்பு, அதையும் மீறி அந்தக் குரல் நம்மை வந்தடைகிறது என்பதே வியப்பு.

1951இல் எல்மோர் ஜேம்ஸ் மின்கிட்டாரில் வாசித்த ‘டஸ்ட் மை புரூம்’ பாடலின் தொடக்க அடியை அவருக்குப் பின்வந்த எத்தனையோ பேர் நகலெடுத்துவிட்டதால், அசலைக் கேட்கும்போதுகூட எங்கோ கேட்டதுபோல இருக்கிறது. அது அவர் குற்றமன்று.

இரைச்சலுக்கு அஞ்சித் தள்ளி நிற்பவர்கள், 1959இல் நாட்டுப்புற இசைச் சேகரிப்பாளர் ஆலன் லோமாக்ஸ் மிசிசிப்பியின் கோமோ பகுதியில் ஒலிநாடாவில் பதிவு செய்த ஃபிரெட் மெக்டவலிலிருந்து தொடங்கலாம். பருத்தி வயலில் உழைத்துக்கொண்டிருந்த அவரை அதற்கு முன் எந்த நிறுவனமும் பதிவு செய்திருக்கவில்லை. முன்பு மாட்டு விலா எலும்பால் வாசித்தவர், ஒலி தெளிவாக வருகிறது என்பதற்காகப் பின்னர் கண்ணாடிக்கு மாறினார். அந்தத் தெளிவு பதிவில் நன்றாகவே கேட்கிறது. பாதி வரியில் அவர் வாய் மூடும்போது, மீதியைக் கண்ணாடி பாடி முடிக்கிறது.