என்சிலெக்ஸ் தேர்ச்சியும் அமெரிக்க விசாவும்: ஒரு திருத்தம்

அமெரிக்கச் செவிலியர் உரிமத் தேர்வான என்சிலெக்ஸில் தேறிய இந்தியச் செவிலியர் பட்டதாரி சில மாதங்களிலேயே அமெரிக்க மருத்துவமனையில் பணியில் சேர்ந்துவிடலாம் என்று ஒரு பதிவு பகிரப்படுகிறது. அதைப் பகிர்ந்தவரின் நோக்கம் நல்லதாகவே இருக்கலாம். ஆயினும் தகவல் சரியன்று. அத்தேர்வு அமெரிக்க மாநில நர்சிங் வாரியத்தின் உரிமத்துக்கானது; அதில் தேறியதால் மட்டும் விசா கிடைத்துவிடாது.

செவிலியர்கள் பெரும்பாலும் இபி-3 எனப்படும், வேலைவாய்ப்புவழிக் குடியேற்ற விசாவின் மூன்றாம் பிரிவில் செல்கிறார்கள். வேலை தரும் நிறுவனம் அவர்களுக்காக ஐ-140 என்ற குடியேற்ற மனுவைத் தாக்கல் செய்யும் நாளே அவர்களின் முன்னுரிமைத் தேதி, அதாவது விசா வரிசையில் அவர்களின் இடத்தைக் குறிக்கும் தேதி, ஆகிறது. அதன் பிறகு விசா எண் வரும்வரை வரிசையில் நிற்க வேண்டும். இந்தியாவில் பிறந்தவர்களுக்கு இது பல ஆண்டுக் காத்திருப்பு. இப்போது துபாயில் வேலை பார்க்கிறோம் என்பதால் வரிசை மாறாது. பொதுவாகப் பிறந்த நாடே கணக்கு.

இதை எவரும் சரிபார்க்கலாம். அமெரிக்க வெளியுறவுத் துறை மாதந்தோறும் இலவசமாக வெளியிடும் விசா புல்லட்டினில், வேலைவாய்ப்புக்கான அட்டவணையின் மூன்றாம் பிரிவில் ‘இந்தியா’ என்ற நெடுவரிசையிலுள்ள தேதியைப் பாருங்கள். அதற்கு முந்தைய முன்னுரிமைத் தேதி உள்ளவர்களுக்கே அம்மாதம் விசா வழங்கப்படும். வேலைவாய்ப்புக்கென்றே அங்கே இரண்டு அட்டவணைகள் இருக்கும். விசா வழங்கப்படுவது ‘இறுதி நடவடிக்கைத் தேதி’ அட்டவணையின்படிதான்.