எளிதாம்! மூன்றே பொருளாம்!

மைதா, வெண்ணெய், சர்க்கரை. மூன்றே பொருள், இருபதே நிமிடம், சமையலறைப் பக்கமே போகாதவர்கள்கூடச் செய்துவிடலாம் என்று வெண்ணெய் பிஸ்கட்டுக்குக் குறிப்பு எழுதுகிறவர்களைப் பார்த்துக் கேட்கிறேன்: யாருக்கு ஐயா எளிது? வருடக்கணக்கில் ஓவனோடு குடித்தனம் நடத்திவரும் உங்களுக்கு எளிது. உங்கள் கை பழகிவிட்டது, கண் பழகிவிட்டது, மாவு எப்போது போதும் என்று விரலுக்கே தெரிந்துவிட்டது. அந்தப் பழக்கத்தையெல்லாம் மறைத்துவிட்டு, பொருள் பட்டியலை மட்டும் நீட்டி ‘எளிது’ என்று தலைப்புப் போடுவது பித்தலாட்டம். இதற்கு மென்மையான சொல் எனக்குக் கிடைக்கவில்லை.

அந்தத் தலைப்பை நம்பி இறங்கிய அப்பாவிக் கூட்டத்தில் நானும் ஒருவன். சோறு வடிப்பேன், ரசம் வைப்பேன், அதற்குமேல் பெருமை பேச ஒன்றுமில்லை. திருச்சியில் வீடு; மாலை வெயில் நேராக இறங்கும் சமையலறை. குறிப்பில் இருந்ததை எழுத்துப் பிசகாமல் செய்தேன். டிரேயில் தள்ளித் தள்ளி வைத்த உருண்டைகள் ஓவனுக்குள் போய்க் கைகோத்துக்கொண்டு ஒரே தகடாக வெளியே வந்தன. வேறொருவரின் குறிப்பைப் பிடித்தேன். அது பல்லுக்குச் சோதனையாக முடிந்தது. அரைக் கிலோ வெண்ணெய் முந்நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது. ரசம் கெட்டால் புளித்தண்ணீரோடு போகும். இங்கே கெடுவது வெண்ணெய்.

முதல் கோபம் இந்தக் ‘கப்’ மேல். ஒரு கப் வெண்ணெய், இரண்டு கப் மைதா என்கிறார்கள். எந்தக் கப்? அமெரிக்காவில் ஒரு கப் என்றால் ஏறக்குறைய 240 மில்லி, ஆஸ்திரேலியாவில் 250, ஜப்பானில் 200. நம் வீட்டில் கப் என்று எதைச் சொல்வது? காபி டம்ளரையா, ரேஷன் அரிசி அளக்கும் ஆழாக்கையா, பரிசாக வந்த பீங்கான் கோப்பையையா? சரி, கடையில் விற்கும் 240 மில்லி கப்பையே வாங்கிவிட்டேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். கரண்டியால் அள்ளித் தளர்வாகப் போட்டால் அதில் 120 கிராம் மைதா பிடிக்கும். பைக்குள்ளேயே கப்பை விட்டு அழுத்தி மொண்டால் 150 கிராம் வரை போகும். இரண்டு கப்புக்கு அறுபது கிராம் வித்தியாசம். ஒரு கப் வெண்ணெய் 227 கிராம். தளர்வாக அளந்தவனுக்கு மாவும் வெண்ணெயும் கிட்டத்தட்டச் சம எடை. அது பரவாமல் வேறென்ன செய்யும்? இரண்டு பேருமே குறிப்பைச் சரியாகப் பின்பற்றியவர்கள். ஒருவருக்குத் தகடு, இன்னொருவருக்கு பிஸ்கட். பழி மட்டும் தகடு வந்தவரின் கைராசி மேல்.

அமெரிக்கர்களுக்கு இந்தக் கப் ஒத்துவருவதற்கு ஒரு காரணம் இருக்கிறது. அங்கே வெண்ணெய்க் கட்டி ஒன்று 113 கிராம், அதாவது சரியாக அரைக் கப். அதன் உறையிலேயே மேசைக்கரண்டிக் கணக்குக்குக் கோடு அச்சிட்டிருக்கும். கத்தியை வைத்து வெட்டினால் முடிந்தது. நமக்கு வருவது நூறு கிராம், ஐந்நூறு கிராம் கட்டிகள். இறுகிப்போன கட்டியைக் கப்புக்குள் எப்படி அடைப்பது? மூலையெல்லாம் காற்று நிற்கும். உருக்கி ஊற்றினால் காரியமே கெட்டது. நூறு கிராம், இருநூறு கிராம் என்று எழுத உங்களுக்கு என்ன வலிக்கிறது? சமையலறைத் தராசு ஒன்று சில நூறு ரூபாய்க்குக் கிடைக்கிறது. நீங்கள் பயன்படுத்தும் விலை உயர்ந்த மாவு அடிக்கும் இயந்திரத்தை விதவிதமான கோணத்தில் காட்டத் தெரிகிறது. தராசைக் காட்ட மட்டும் மனம் வருவதில்லை.

தெருமுனை பேக்கரிக்குள் எட்டிப் பாருங்கள். கண்ணாடி ஜாடி நிறைய அடுக்கியிருக்கும் நெய் பிஸ்கட்டுக்கும் உப்பு பிஸ்கட்டுக்கும் மாவு போடும் மாஸ்டர் கிலோக் கணக்கில்தான் பேசுவார். இத்தனை கிலோ மைதாவுக்கு இத்தனை கொழுப்பு, இத்தனை சர்க்கரை என்று எடை போட்டுத்தான் மாவில் கை வைப்பார். பரம்பரையாகத் தொழில் செய்கிறவருக்கே தராசு தேவைப்படுகிறது. நேற்றுத் தொடங்கியவனுக்கு மட்டும் ‘கண்ணளவு போதும்’ என்று உபதேசம்!

அடுத்தது ‘அறை வெப்பநிலையில் உள்ள வெண்ணெய்’. எந்த அறை? ஊட்டியில் உள்ள அறையா, உறையூரில் உள்ள அறையா? வெண்ணெயைச் சர்க்கரையோடு சேர்த்து அடிப்பதற்கு ஏற்ற நிலை 18 முதல் 20 டிகிரி செல்சியஸ். முப்பதைத் தாண்டிவிட்டால் அது குழைந்து எண்ணெய் விடத் தொடங்கும். எங்கள் ஊரில் மே மாதம் வெயில் 40 டிகிரியை அநாயாசமாகத் தொடும். ‘ஒரு மணி நேரத்துக்கு முன்பே வெளியே எடுத்து வையுங்கள்’ என்று அப்படியே பெயர்த்து எழுதியிருக்கிறார்கள். எடுத்து வைத்தேன். ஒரு மணி நேரம் கழித்துக் கிண்ணத்தில் இருந்தது குளம்.

இதில் என்ன பெரிய விஷயம் என்று நினைக்கலாம். எனக்கும் வெகுநாள் புரியவில்லை, ஏனென்றால் ஒருவரும் காரணம் சொல்வதில்லை. இறுகலாகவும் இல்லாமல் உருகலாகவும் இல்லாமல் இருக்கும் வெண்ணெயில் சர்க்கரைத் துகள்கள் உரசும்போது சின்னச் சின்னக் காற்றுக் குமிழ்கள் பிடிக்கும். கடித்தால் உதிரும் அந்த மென்மைக்கு அதுவும் ஒரு காரணம். உருகிய வெண்ணெய்க்குக் காற்றைப் பிடித்துவைக்கத் தெம்பு கிடையாது. அதோடு, ஓவனுக்குள் மாவு வெந்து இறுகுவதற்கு முன்பே அது ஓடத் தொடங்கிவிடும். நம் ஊர் வெயிலில் குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்து, சிறு துண்டுகளாக நறுக்கிவைத்தால் பத்து நிமிடத்துக்குள் பதம் வந்துவிடும். விரலால் அழுத்தினால் பள்ளம் விழ வேண்டும், பளபளப்பு வரக் கூடாது. வடிவம் கொடுத்த பிறகு டிரேயோடு அரைமணி நேரம் மறுபடி குளிரில் வைக்க வேண்டும். தமிழில் எழுதுகிற ஒருவர், தமிழ்நாட்டில் வாழ்கிற ஒருவர், இந்த இரண்டு வரியைத் தன் வாசகர்களுக்குச் சொல்லக் கூடாதா?

வெண்ணெய் எது என்பதிலும் மௌனம்தான். மஞ்சளாகக் கடையில் கிடைப்பதில் உப்பு ஏற்கெனவே இருக்கிறது. அதைப் போடச் சொல்லிவிட்டு ‘ஒரு சிட்டிகை உப்பும் சேருங்கள்’ என்கிறார்கள். உப்பில்லாத வெள்ளை வெண்ணெய் தனியாகக் கிடைக்கும் என்பதையே நான் கடைக்காரரிடம் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வீட்டில் பாலாடை சேர்த்துக் கடைந்தெடுத்த வெண்ணெயில் மோரும் நீரும் கூடுதலாக நிற்கும். அந்த நீர் மைதாவோடு சேர்ந்தால் மாவு இழுபட்டுவிடும். ‘வீட்டு வெண்ணெய் என்றால் இன்னும் சுவை’ என்று ஒரு வரி எழுதிவிட்டுப் போய்விடுகிறார்கள். சுவை இருக்கும், உண்மைதான். பிஸ்கட் இருக்காது.

‘நன்றாகப் பிசைந்துகொள்ளுங்கள்.’ இதை எழுதிய கைக்கு என்ன தண்டனை கொடுக்கலாம்? நமக்குப் பிசைதல் என்றால் சப்பாத்தி, பூரி, பரோட்டா. அடித்துத் துவைத்து, மாவு காது மடல் பதத்துக்கு வரும்வரை விடமாட்டோம். அதே மைதாதான் பரோட்டாவுக்கும். பிசையப் பிசைய அதிலுள்ள புரதம் இழையிழையாகப் பின்னிக்கொள்கிறது. அதனால்தான் பரோட்டா மாவைத் தூக்கி வீசினாலும் கிழிவதில்லை. பிஸ்கட்டுக்கு அந்தப் பின்னலே ஆகாது. மாவுத் துகளை வெண்ணெய் போர்த்தி நிற்க வேண்டும், ஒன்று திரண்டதும் கையை எடுத்துவிட வேண்டும். ‘திரட்டுங்கள், பிசையாதீர்கள்’ என்று எழுதியிருந்தால் என் கடைவாய்ப் பல் பிழைத்திருக்கும்.

இப்போது ஓவனுக்கு வருகிறேன். இங்கேதான் எனக்கு ரத்தம் கொதிக்கிறது.

ஓவன் என்பது தமிழ் வீட்டின் இயல்பான சாமான் அல்ல. 2011இல் தொடங்கிய தமிழக அரசின் இலவசத் திட்டத்தில் வந்தவை மிக்ஸி, கிரைண்டர், மின்விசிறி. நம் சமையலறை அவற்றைச் சுற்றித்தான் இருக்கிறது. ஓவனுக்கு முன்னால் நிற்கும் முதல் தலைமுறை நாங்கள். பாட்டியைக் கேட்க முடியாது, அம்மாவுக்கும் தெரியாது. எங்களிடம் போய் ‘180 டிகிரியில் பன்னிரண்டு நிமிடம்’ என்று சொல்லிவிட்டு நகர்ந்தால் எப்படி? கடையில் நுழைந்தால் விற்பனையாளர் சாதாரண மைக்ரோவேவைத் தட்டிக் காட்டி ‘இதிலேயே கேக், பிஸ்கட் எல்லாம் வரும் சார்’ என்கிறார். வராது. அது உணவிலுள்ள ஈரத்தைச் சூடாக்கும் கருவி. மேல்பரப்பைச் சிவக்க வைக்கும் வறண்ட சூடு அதில் இல்லை. கன்வெக்‌ஷன் வசதி, அதாவது சூடான காற்றை உள்ளே சுழலவிடும் ஏற்பாடு, இருந்தால்தான் பேச்சு. நல்லவேளையாக, பக்கத்து வீட்டு அக்கா தடுத்தார்.

அதனால் ஓ.டி.ஜி. என்கிற சிறிய மின்சார ஓவன் வாங்கினேன். குமிழைத் திருப்பி 180இல் நிறுத்தினால் உள்ளே 180 இருக்கும் என்று எவனாவது நம்புவானா? நம்பினேன், நம்பாமல் இருக்க எனக்கு என்ன காரணம் இருந்தது? மலிவான சிறிய ஓவன்களில் குமிழ் ஒன்று சொல்லும், உள்ளே வேறொன்று நடக்கும். இருபது டிகிரி கூடக்குறைய இருப்பது சாதாரணம். சூடேறும் கம்பிகளோ டிரேக்கு மிக அருகில். கீழ்க் கம்பி தன் வேலையை முடித்து அடிப்பாகத்தைக் கருக்கிவிடும், மேல்பாகம் சுண்ணாம்பு வெள்ளையில் நிற்கும். உள்ளே வைக்கும் வெப்பமானி தனியாக விற்கிறது, விலையும் அதிகமில்லை. அதை வாங்கச் சொல்லி எத்தனை குறிப்புகளில் இருக்கிறது, தேடிப் பாருங்கள். இன்னும் கொடுமை, 350 டிகிரி என்று எழுதியிருக்கும் குறிப்புகள். அது ஃபாரன்ஹீட். செல்சியஸில் சுமார் 177. என் ஓவனின் குமிழ் 250க்கு மேல் போகாது. எண்ணைக்கூட மாற்றாமல் எழுதுகிற இந்தச் சோம்பலை நம்பித்தான் நாங்கள் வெண்ணெய் வாங்குகிறோம்.

ஓவன் இல்லாதவர்களுக்கு ஒரு மகா யோசனை: குக்கரில் மணலையோ உப்பையோ கொட்டிச் சூடேற்றி, கேஸ்கட்டையும் விசிலையும் கழற்றிவிட்டு, உள்ளே தட்டை வைக்க வேண்டுமாம். தண்ணீரில்லாமல் குக்கரை அடுப்பில் வைக்காதீர்கள் என்று குக்கரோடு வரும் கையேடே கெஞ்சுகிறது. சூடு கீழிருந்து மட்டும்தான் வலுவாக வரும். என் தோழர் ஒருவர் முயன்றார்; அடி கோணிய குக்கரை இன்றும் அவர் மனைவி விருந்தாளிகளுக்கு எடுத்துக் காட்டுகிறார்.

கடைசியாக, ‘பொன்னிறமாக வந்ததும் எடுங்கள்.’ வடையை எண்ணெயிலிருந்து அப்படி எடுக்கலாம். வெண்ணெய் பிஸ்கட் முழுக்கப் பொன்னிறம் காணும்போது அதன் காலம் கடந்துவிட்டது. ஓரம் மட்டும் லேசாக நிறம் மாறும்போதே எடுக்க வேண்டும். அப்போது தொட்டால் மெத்தென்று இருக்கும். புதியவன் என்ன நினைப்பான்? வேகவில்லை என்று நினைப்பான். இன்னும் ஐந்து நிமிடம் வைப்பான். பிஸ்கட் மொறுமொறுப்பாவது ஓவனுக்குள் அல்ல, வெளியே வந்து ஆறும்போதுதான். உருகிய கொழுப்பும் சர்க்கரையும் ஆறி இறுகுவதால் வரும் மொறுமொறுப்பு அது. டிரேயிலேயே கொஞ்ச நேரம் விட்டுவிடு, தொடாதே என்று ஒருவராவது தலையில் குட்டிச் சொல்லியிருக்கலாம்.

சரியாக வரவில்லை என்று கேட்டால் கிடைக்கும் பதிலைப் பாருங்கள்: ‘பொறுமையாக, அன்போடு செய்யுங்கள், வரும்.’ அன்பு எத்தனை கிராம்? என் அம்மாவும் கையளவுதான் சொல்வார், மறுக்கவில்லை. ஆனால் முறுக்கு மாவு பிசையும்போது பக்கத்தில் நின்று, மாவைக் கிள்ளிப் பார்த்து, ‘இன்னும் கொஞ்சம் தண்ணீர் தெளி’ என்பார். முதல் முறுக்கு சிவந்தால் அடுத்ததற்குள் தீயைக் குறைப்பார். சாம்பார் நீர்த்தால் பருப்பு மசித்துக் கலக்கலாம், உப்பு தூக்கினால் ஈடுகட்ட வழி உண்டு. பிஸ்கட்டில் ஓவன் கதவை மூடிய பிறகு உங்கள் கையில் ஒன்றுமே இல்லை. அதனால்தான் முன்கூட்டியே எடையும் சூடும் துல்லியமாகச் சொல்லப்பட வேண்டும். பக்கத்தில் நிற்காத குருவுக்குக் கண்ணளவு சொல்லும் உரிமை கிடையாது.

இவ்வளவு அமளிக்குப் பிறகு தெரிந்துகொண்டது என்ன தெரியுமா? ஷார்ட்பிரெட் என்கிற வெண்ணெய் பிஸ்கட்டுக்கு ஸ்காட்லாந்துக்காரர்களின் பழைய கணக்கு: எடையில் ஒரு பங்கு சர்க்கரை, இரண்டு பங்கு வெண்ணெய், மூன்று பங்கு மாவு. 100 கிராம், 200 கிராம், 300 கிராம். நம் சர்க்கரை பரல்பரலாக இருப்பதால் மிக்ஸியில் பொடித்துச் சலித்துக்கொள்ள வேண்டும். ஒரு சென்டிமீட்டர் கனம், 160 டிகிரியை ஒட்டிய சூடு. பேக்கிங் பவுடரும் வேண்டாம், ஆப்ப சோடாவும் வேண்டாம். மூன்றே பொருள் என்றது உண்மைதான்! இதை ஒரே வரியில் எழுதியிருக்கலாம். அந்த ஒரு வரியை விட்டுவிட்டு, தன் குழந்தைப் பருவத்து மழைநாள் நினைவுகளை மூன்று பத்திக்கு எழுதியிருக்கிறார்கள்.

அடுத்து ‘எளிது’ என்று தலைப்பு வைக்கத் துடிப்பவர் யாராக இருந்தாலும், மே மாத மதியத்தில், குளிர்சாதனம் இல்லாத சமையலறையில், குமிழ் பொய் சொல்லும் சின்ன ஓவனில் செய்து காட்டட்டும். வெண்ணெயை எடுத்து வைத்த நேரத்தையும் தராசின் எண்ணையும் வெப்பமானியின் முள்ளையும் மறைக்காமல் காட்டட்டும். பிறகு எளிதா இல்லையா என்று பேசுவோம்.