செல்லுக்குள் சுழலும் அச்சு

நான் படித்த ஒரு கட்டுரை, உயிரினங்களின் செல்லை 'நீர் நிரம்பிய சிறு பை' என்று ஒரே வரியில் கடந்துவிட்டதுதான் எனக்கு மனக்குறை. அந்தப் பைக்குள் நடப்பதையல்லவா விரித்து எழுதியிருக்க வேண்டும்!

செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவின் உட்சவ்வில் பதிந்திருந்து, செல்லின் வேலைகளுக்கு ஆற்றல் தரும் ஏடிபி மூலக்கூறை உருவாக்கும் ஏடிபி சிந்தேஸ் என்ற நொதியை மட்டும் பாருங்கள். புரோட்டான்கள் சவ்வைக் கடந்து பாயும்போது, அணைநீர் டர்பைனைத் தள்ளுவதுபோல அதன் அச்சு சுழல்கிறது. ஒரு முழுச் சுற்றுக்கு மூன்று ஏடிபி மூலக்கூறுகள் பிறக்கின்றன. சுழற்சி என்பது உவமைக்காகச் சொல்வதன்று. 1997இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இந்த நொதியின் ஒரு பகுதியைத் தனியே பிரித்து, அச்சில் ஒளிரும் ஆக்டின் என்ற புரத இழையை ஒட்டினார்கள். ஏடிபியைக் கொடுத்ததும், அது உருவாகும்போது அச்சு சுழலும் திசைக்கு எதிராக இழை வட்டமடித்ததை நுண்ணோக்கியில் கண்ணாலேயே கண்டார்கள். அந்தக் காணொளியை எத்தனை முறை பார்த்தாலும் எனக்கு மெய்சிலிர்க்கிறது.

கட்டுரையில் கைனசினைப் பற்றியும் ஒரு சொல் இல்லை. இரண்டு 'கால்'களை மாற்றி மாற்றி வைத்து, செல்லுக்குள் பாதைபோல நீளும் நுண்குழல்மேல் சரக்கைச் சுமந்து நடக்கும் புரதம் அது. ஓர் அடி 8 நானோமீட்டர். அடிக்கு ஒரு ஏடிபி செலவு. முதுகுத்தண்டிலிருந்து பாதம்வரை நீளும் நரம்பிழை ஏறத்தாழ ஒரு மீட்டர். கணக்குப் போட்டால், அந்தத் தொலைவைக் கடக்க பன்னிரண்டரைக் கோடி அடிகள்!