14 நிமிஷம்

ஏப்ரல் 15 வந்தா போதும், டைம்லைன் முழுக்க டைட்டானிக் மிதக்கும். பேண்டு வாசிச்சவங்க, பனிப்பாறை, கோடீஸ்வரங்க, எல்லாம் நமக்கு மனப்பாடம். மே 29 வந்தா ஒருத்தரும் வாயத் திறக்கறதில்ல. 1914 மே 29 அதிகாலைல எம்பிரஸ் ஆஃப் அயர்லாந்துன்னு ஒரு கப்பல் கனடாவுல செயின்ட் லாரன்ஸ் ஆத்துல முங்கிச்சு. மொத்தம் 1,477 பேர் இருந்தாங்க, 1,012 பேர் போயிட்டாங்க. பயணிகள மட்டும் எண்ணினா 840 பேர், டைட்டானிக்ல செத்த பயணிகளை விட இது கொஞ்சம் அதிகம்னுதான் பொதுவா கணக்கு சொல்றாங்க. நானும் கப்பல்ல இன்ஜின் ரூம்ல ஆறு வருஷம் குப்பை கொட்டினவன். எனக்கே இந்தப் பேரு கரைக்கு வந்து செட்டில் ஆனப்புறம்தான் தெரியும், அது இன்னும் உறுத்துது.

ஏன் மறந்தாங்கன்னு கேட்டா ரெடியா ஒரு பதில் வெச்சிருப்பாங்க: ரெண்டு மாசத்துல உலகப் போர் வந்துருச்சு, அதான். ஓரளவு உண்மைதான். ஆனா லூசிடானியான்னு ஒரு பயணிகள் கப்பல் போருக்கு நடுவுலதானே முங்குச்சு, அத மறக்கலையே? எனக்குத் தோணறது வேற. இந்தக் கப்பல் கதை சொல்ல நேரமே குடுக்கல. டைட்டானிக் முங்க ரெண்டே முக்கால் மணி நேரம் கிட்ட ஆச்சு, அதுக்குள்ள வீரம், தியாகம், கோழைத்தனம், கடைசி வார்த்தைன்னு ஆளுக்கொரு சீன் கெடச்சிருச்சு. இங்க மோதி முங்கறதுக்கு 14 நிமிஷம். ராத்திரி ரெண்டு மணி, தூக்கம், இருட்டு, தண்ணி, அவ்வளவுதான்.

நடந்தது இதுதான். 28ஆம் தேதி சாயங்காலம் கியூபெக்ல இருந்து லிவர்பூலுக்குக் கெளம்புது. பாயிண்ட் ஓ பேர் பக்கத்துல பைலட்ட, அதான் ஆத்துல கப்பலுக்கு வழி காட்டறவர, இறக்கி விட்டுட்டு கடலைப் பாத்து வருது. எதிர்ல ஸ்டோர்ஸ்டாட்னு நார்வேக்காரங்களோட நிலக்கரிக் கப்பல், வயிறு முட்ட 10,000 டன்னுக்கு மேல கரி. ரெண்டு பேரும் ஒருத்தர் வெளிச்சத்த ஒருத்தர் பல மைல் தூரத்துலயே பாத்துட்டாங்க, வானம் சுத்தமா இருந்துச்சு. அப்பதான் கரையில இருந்து பனிமூட்டம் எறங்கி ரெண்டு கப்பலையும் மூடுது. எம்பிரஸ் கேப்டன் கெண்டல் இன்ஜின ரிவர்ஸ் போட்டு வேகத்தக் கொறச்சு, நிறுத்திட்டேன்னு சங்கு ஊதறாரு. அந்தப் பக்கம் டியூட்டில இருந்த முதல் அதிகாரி எதிர்க்கப்பல் இந்தப் பக்கமாத்தான் போகும்னு தானா ஒரு முடிவு பண்ணிக்கிட்டு திசையத் திருப்பறாரு, அவரோட கேப்டன நேரத்துக்கு எழுப்பவும் இல்ல. பனி விலகினப்போ ஸ்டோர்ஸ்டாட் மூக்கு எம்பிரஸோட வலது விலாவுக்கு நேரா, ரெண்டு புகைபோக்கிக்கும் நடுவுல.

பனிமூட்டம்னா என்னன்னு இன்ஜின் ரூம்காரனுக்குத் தெரியும். மேல இருந்து ஃபோன் வரும், "ஃபாக், ஸ்டாண்ட்பை"ன்னு ஒரே வார்த்தை. அதுக்கப்புறம் வெளிய என்ன நடக்குதுன்னு நமக்கு ஒண்ணும் தெரியாது, கைய லிவர்ல வெச்சுக்கிட்டு ஆர்டருக்காக நிக்கணும். கேப்டன் தூங்கிட்டு இருந்தாலும் எழுப்புன்னு எல்லாக் கப்பல்லயும் எழுதி ஒட்டியிருப்பாங்க. திட்டுவாரோன்னு பயந்து எழுப்பாம இருக்கற பசங்களயும் நான் பாத்திருக்கேன், அதனால அந்த நார்வே அதிகாரி மேல எனக்கு முழுசாக் கோவம் வரல.

மோதினதும் கெண்டல் ஸ்டோர்ஸ்டாட்டப் பாத்து மெகாஃபோன்ல கத்தறாரு, இன்ஜின முன்னாடியே ஓட்டு, ஓட்டைய அடைச்சுக்கிட்டே நில்லுன்னு. நடக்கல, ஸ்டோர்ஸ்டாட் விலகிப் போயிருச்சு, ஓட்டை தொறந்துக்கிச்சு. கப்பல் வலது பக்கமா சாயுது. அந்தப் பக்கத்துல போர்ட்ஹோல், அதான் அந்த வட்ட ஜன்னல், காத்துக்காகத் தொறந்து வெச்சிருந்தாங்க. சாய சாய அந்த ஜன்னல் வழியாவும் தண்ணி. தண்ணி பரவாம தடுக்கற வாட்டர்டைட் கதவெல்லாம் ஆள் போய்க் கையால மூடணும், சாஞ்சு கெடக்கற கப்பல்ல அது ஆகற காரியமா? கொஞ்ச நேரத்துல கரண்டும் போச்சு.

நான் அடிக்கடி யோசிக்கற விஷயம் லைஃப்போட்தான். டைட்டானிக்ல போட் பத்தலன்னு உலகமே கத்துச்சு, அதனால எம்பிரஸ்ல எல்லாருக்கும் போதுமான போட் வெச்சிருந்தாங்க, மிச்சமும் இருந்துச்சு. பேப்பர்ல எல்லாம் பக்கா. ஆனா ஒரு பக்கம் சாஞ்ச கப்பல்ல இடது பக்க போட்ட இறக்க முடியாது, அது கப்பல் மேலயே வந்து விழும். விரல் விட்டு எண்ணற அளவு போட்தான் தண்ணிக்குப் போச்சு. போன விபத்துக்கான மருந்த வாங்கி வெச்சுக்கிட்டு அடுத்த விபத்துக்குக் காத்திருக்கற பழக்கம் அன்னைக்கும் இருந்துச்சு, இன்னைக்கும் இருக்கு, ஆடிட்டுக்கு வர்றவரும் எண்ணிக்கையத்தான் டிக் பண்ணுவாரு.

இன்னொரு கணக்கு இருக்கு, படிச்சதும் பேச்சே வரல. சிப்பந்திகள் 420 பேர்ல 248 பேர் பொழச்சாங்க. பயணிகள் 1,057 பேர்ல பொழச்சது 217தான். உடனே அவங்கள சுயநலக்காரங்கன்னு திட்டாதீங்க. டியூட்டில இருந்தவன் முழிச்சிருந்தான், இருட்டுலயும் அவன் காலுக்கு வழி தெரியும். பயணிங்களோட கப்பல் கெளம்பி பத்து மணி நேரம்கூட ஆகல, அவங்களுக்கு, எந்த நடைபாதை எங்க போகுதுன்னே பழகியிருக்காது. குழந்தைங்க 138 பேர், தப்பிச்சது 4. நாலே நாலு.

அதுல ஒண்ணு கிரேஸ் ஹனகன், ஏழு வயசுப் பொண்ணு. அவங்கப்பா இரட்சணிய சேனைங்கற கிறிஸ்தவ அமைப்போட கனடா பேண்டு மாஸ்டர். ஆமா, நம்ம நாகர்கோவில் பக்கமெல்லாம் இருக்கே, அதே இரட்சணிய சேனை. லண்டன்ல பெரிய மாநாடுன்னு அவங்க ஆளுங்க மட்டும் 160 பேருக்கு மேல ஏறியிருந்தாங்க, பெரும்பாலும் யாரும் திரும்பல. டைட்டானிக் பேண்டுக்காரங்கள உலகத்துக்கே தெரியும், இந்த பேண்டு பேரு எத்தனை பேருக்குத் தெரியும்? டொராண்டோல ஒரு கல்லறைல நினைவுச்சின்னம் இருக்கு, சேனைக்காரங்க வருஷா வருஷம் போய் நிக்கறாங்க. மத்தவங்களுக்காக நிக்க ஆளில்ல, மூணாம் வகுப்புல வந்தவங்க நெறையப் பேர் பொழப்பு தேடிக் கனடா போய் ஊருக்குத் திரும்பிட்டு இருந்தவங்க. லாரன்ஸ் இர்விங்னு ஒரு நாடக நடிகர் மனைவியோட போனாரு, பெரிய ஆளுன்னா அவரு மாதிரி ஒண்ணு ரெண்டு பேர்தான். டைட்டானிக்ல போன ஆஸ்டர் மாதிரி கோடீஸ்வரன் யாராவது இருந்திருந்தா இந்தக் கதை இன்னேரம் வேற மாதிரி ஓடியிருக்கும்னு நான் அடிச்சுச் சொல்லுவேன்.

சைடுல ஒண்ணு. அதே வாரம், மே 23ஆம் தேதி, கனடாவோட அந்தக் கோடில வான்கூவர்ல கோமகதா மாருங்கற கப்பல் வந்து நின்னுச்சு, 376 பேர், பெரும்பாலும் பஞ்சாப் சீக்கியர்கள், கொஞ்சப் பேரத் தவிர யாரையும் கரையில கால் வைக்க விடல. ஊர்ல இருந்து நேரா ஒரே பயணமா வரணும்னு சட்டம். அப்படி வர்றதுக்கு இருந்த வழி கனேடியன் பசிபிக் கம்பெனியோடது, அந்த டிக்கெட்ட இந்தியாவுல விக்காதன்னு அரசாங்கமே சொல்லி வெச்சிருந்துச்சு. எம்பிரஸும் அதே கம்பெனி கப்பல்தான், ஐரோப்பால இருந்து ஆள் கொண்டு வந்து குடியேத்தற வேலைய எட்டு வருஷமா பாத்துட்டு இருந்துச்சு.

விசாரணை கியூபெக்ல நடந்துச்சு, தலைமை லார்டு மெர்சி, டைட்டானிக்க விசாரிச்ச அதே ஆளு. தப்பு ஸ்டோர்ஸ்டாட் மேலன்னு தீர்ப்பு. நார்வேக்காரங்க தனியா விசாரிச்சாங்க, தப்பு எம்பிரஸ் மேலன்னு தீர்ப்பு. நம்ம பஞ்சாயத்து மாதிரியே. அந்த வருஷமே டைவர்கள அனுப்பி உள்ள இருந்த வெள்ளிக்கட்டிகளையும் தபால் மூட்டைகளையும் எடுத்தாங்க, அதுல ஒரு டைவரும் செத்தாரு. அப்புறம் ஐம்பது வருஷம் அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பாக்கல.

கேப்டன் கெண்டல் யாருன்னு தெரியுமா? 1910ல பொண்டாட்டியக் கொன்னுட்டு ஓடின டாக்டர் கிரிப்பன கப்பல்ல கண்டுபிடிச்சு வயர்லெஸ்ல தகவல் குடுத்து புடிச்சுக் குடுத்தவரு. கைது நடந்ததும் இதே பாயிண்ட் ஓ பேர் பக்கம்தான். சாபம் கீபம்னு யூடியூப்ல உருட்டுவாங்க, விடுங்க. மனுஷன் 1918ல இன்னொரு கப்பல்ல டார்பிடோ அடியும் வாங்கி அதுலயும் பொழச்சாரு. டைவர்கள் எம்பிரஸத் திரும்பக் கண்டுபிடிச்சது 1964ல, அப்ப கெண்டல் லண்டன்ல உயிரோடதான் இருந்தாரு, தொண்ணூறு வயசு. அடுத்த வருஷம் போயிட்டாரு. கிரேஸ் அதுக்கப்புறமும் முப்பது வருஷம் இருந்தாங்க, 1995 வரைக்கும். பொழச்சவங்கள்ல கடைசி ஆள் அவங்கதான்.