சாமி கும்பிடாதவர்களுக்கும் வழி இருக்கிறது

குடிப்பழக்கத்தைக் கைவிட, குடிநோயாளிகள் ஒருவருக்கொருவர் துணைநிற்கும் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ் அமைப்பின் கூட்டங்களும் பிரார்த்தனையும்தான் வழி என்கிறது நான் படித்த ஒரு கட்டுரை. அவற்றால் மீண்டவர்கள் ஏராளம், மறுக்கவில்லை. ஆனால் 'நம்மைவிடப் பெரிய சக்தி' என்ற பேச்சு வந்ததுமே என் தம்பி அந்தக் கூட்டத்திலிருந்து எழுந்து வந்துவிட்டான். அவனைப் போன்றவர்கள் எங்கே போவது?

அமெரிக்காவில் 1994-இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெகவரி என்ற சுய உதவி அமைப்பைப் பற்றி ஒரு வரியாவது எழுதியிருக்கலாம். உளவியலாளர் ஆல்பர்ட் எல்லிஸின் சிகிச்சைமுறையை ஒட்டி உருவானது. அதில் சாமி கிடையாது, 'நான் குடிநோயாளி' என்று அறிவிக்கவும் வேண்டாம். இணையவழிக் கூட்டங்களும் உண்டு. தம்பிக்கு உதவியது அவர்களுடைய ஒரு தாள். நான்கு கட்டம் போட்டு, குடித்தால் என்ன லாபம், என்ன நஷ்டம், நிறுத்தினால் என்ன லாபம், என்ன நஷ்டம் என்று எழுத வேண்டும். முதல் கட்டத்தில் அவன் எழுதியது 'தூக்கம்' என்ற ஒரே சொல். வேலைக் கவலையில் அவன் தூங்காமல் கிடந்தது வீட்டில் யாருக்கும் தெரியாது. அப்புறம், ஆசை கிளம்பும்போது அதோடு மல்லுக்கட்டாமல் கவனித்துக்கொண்டு இருக்கப் பழகினான். கொஞ்ச நேரத்தில் அது தானாகத் தணிந்துவிடும் என்கிறான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்கிறேன். தினமும் நிறையக் குடிப்பவர்கள் தாங்களாகவே ஒரேயடியாக நிறுத்திவிடக் கூடாது. நடுக்கம், வலிப்பு, மனக்குழப்பம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். முதலில் மருத்துவரைப் பாருங்கள். குடிவேட்கையைக் குறைக்க நால்ட்ரெக்சோன் போன்ற மாத்திரைகளும் இருக்கின்றன, அது உங்களுக்குப் பொருந்துமா என்று அவரிடமே கேளுங்கள்.