"இத்தனை நாள் ஏன் காட்டாம இருந்தீங்க?"

காது கேளாத தோழி ஒருத்திக்குத் துணையாக ஒரு மருத்துவமனைக்குப் போயிருந்தேன். சீட்டில் ஒரு முத்திரை வாங்கிவரச் சொன்னார்கள். நான் போய்வந்த ஐந்து நிமிடத்துக்குள் அவள் பெயரை மூன்று முறை கூப்பிட்டு, ஆள் இல்லை என்று அடுத்தவரை உள்ளே அனுப்பிவிட்டார்கள். அவள் அந்தக் கதவுக்கு எதிரிலேயேதான் உட்கார்ந்திருந்தாள்.

ஒருவழியாக உள்ளே போனதும் மருத்துவர் அவளைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக் கேட்டார்: "இத்தனை நாள் ஏன் காட்டாம இருந்தீங்க?"

அதற்கு முன்பே இரண்டு முறை தனியாக வந்து, தன்னைக் கூப்பிட்டது தெரியாமலே திரும்பிப் போனவள் அவள்.

அந்தக் கேள்வியை நினைத்தால் எனக்கு இன்னும் ஆறவில்லை. தாமதம் என்றாலே நோயாளியின் அலட்சியம் என்று எடுத்துக்கொள்கிறோம். பிரசவ மரணங்களை ஆராய்ந்த தாடியஸ், மெய்ன் இருவரும் 1994இல் தாமதத்தை மூன்றாகப் பிரித்துக் காட்டினார்கள். சிகிச்சைக்குப் போகலாம் என்று முடிவெடுப்பதில் ஒன்று, போய்ச் சேர்வதில் ஒன்று, போன இடத்தில் உரிய சிகிச்சை கிடைப்பதில் ஒன்று. மூன்றாவது முழுக்க மருத்துவமனையின் தாமதம். அது முதல் தாமதத்தையும் வளர்த்துவிடுகிறது. ஒருமுறை அவமானப்பட்டவர் அடுத்த முறை வலியைப் பொறுத்துக்கொள்ளத்தான் பார்ப்பார்.

'இலவச சிகிச்சைதானே, வருவதற்கு என்ன?' என்கிறார்கள். தினக்கூலிக்குப் போகிறவருக்கு வரிசையில் நின்ற நாளின் சம்பளம் போய்விடும். சாதாரணக் காசநோய்க்கே பெரும்பாலும் ஆறு மாதம் விடாமல் மாத்திரை எடுக்க வேண்டும். அத்தனை முறை விடுப்பு கொடுக்கிற முதலாளி எங்கே இருக்கிறார்? அப்புறம், அடையாள அட்டையைக் கேட்டாலே பயப்படுகிற அகதி, ஆண்கள் வார்டா பெண்கள் வார்டா என்று எல்லார் முன்னாலும் விசாரிக்கப்படுகிற திருநங்கை, செயலியில் முன்பதிவு செய்யத் தெரியாத முதியவர். இவர்களில் பலர் வாசல்வரை வருவதே இல்லை. வராதவர்களை எந்தப் பதிவேடும் கணக்கில் எடுப்பதில்லை.

உலகில் சுமார் 130 கோடிப் பேர் குறிப்பிடத்தக்க உடல், மனக் குறைபாடுகளோடு வாழ்கிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அவர்களில் சிலர் மற்றவர்களைவிட 20 ஆண்டுகள் வரை முன்னதாகவே இறந்துபோகிறார்கள் என்றும் அது சொல்கிறது. அந்த இழப்புக்கு உடல் நிலை மட்டும் காரணமில்லை, சிகிச்சை எட்டாததும் காரணம். 1971லேயே ஜூலியன் டியூடர் ஹார்ட் என்ற மருத்துவர் எழுதினார்: நல்ல மருத்துவம் யாருக்கு அதிகம் தேவையோ, அவர்களுக்குத்தான் அது குறைவாகக் கிடைக்கிறது. ஐம்பது வருடம் தாண்டிவிட்டது.

என் தோழிக்குத் தேவைப்பட்டது பெரிய திட்டம் எதுவும் இல்லை. டோக்கன் எண்ணைக் காட்டும் ஒரு பலகை. சைகை மொழி தெரிந்த ஒருவர். அவரும் இல்லையென்றால், ஒரு தாளில் எழுதிக் கேட்கிற பொறுமை.

அடுத்த மாதம் மறுபரிசோதனை. தனியாகவே போய்க்கொள்கிறேன் என்கிறாள். "எனக்குக் காது கேட்காது, என் முறை வந்தால் தோளைத் தொடுங்கள்" என்று ஓர் அட்டையில் பெரிதாக எழுதி இப்போதே பையில் வைத்துவிட்டாள்.